மீத்திறன் குழந்தைகள்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வாசலில் தயங்கி நின்று "சார், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளை படிக்கவில்லையே என்று வருகிறவர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வேறு மாதிரிக் கவலையோடு வருவார்கள். பிள்ளை வயசுக்கு மீறி யோசிக்கிறது, வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? இப்படி வயதை மீறிய திறமையோடு இருக்கிற பிள்ளைகளைத்தான் மீத்திறன் குழந்தைகள் என்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குப் பதில் சொல்ல யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பி.எட். பாடத்தில் சில பக்கங்கள் படித்ததாக ஞாபகம், அவ்வளவுதான். தேடிப் படித்ததையும் வகுப்பறையில் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

மீத்திறன் குழந்தை என்றால் வகுப்பில் முதல் மார்க் எடுக்கிற பிள்ளைதானே?

சில நேரம் அதே பிள்ளைதான். பல நேரம் இல்லை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டினால் அதிசயம். மார்கழி மாதம், கணக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு, "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை வைத்த கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டேன். முதல் வரிசைப் பிள்ளைகள் நோட்டில் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். இவள் கடைசி பெஞ்சிலிருந்து "நூத்தி அறுபத்தொம்போது சார்" என்றாள். எப்படி என்றேன். "நடு வரிசையைத் தனியா வச்சிடணும். மேல பாதிக்குப் பதினாலும் எட்டும் இருபத்திரண்டு, பதிமூணும் ஒம்போதும் இருபத்திரண்டு, பன்னண்டும் பத்தும் இருபத்திரண்டு, மிச்சம் பதினொண்ணு. எழுபத்தேழு. கீழயும் அதே. நடுவுல பதினஞ்சு." பாடப் புத்தகத்தில் இரண்டு வகுப்பு தள்ளி வரப்போகிற கூட்டுத்தொடர் வரிசையை வாசலில் கோலம் போட்டே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதுவரை அவளை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதி வைத்திருந்தவன் நான்.

மார்க் என்பது பாடத்தை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதற்கான அளவு. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுலி 1978இல் ஒரு விளக்கம் சொன்னார். சராசரிக்கு மேலான திறமை, புதிதாக யோசிக்கிற குணம், எடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் ஈடுபாடு, இந்த மூன்று வட்டங்களும் சேரும் இடத்தில்தான் மீத்திறன் இருக்கிறது என்றார். கனடாவின் ஃபிரான்சுவா கான்யே வேறு மாதிரிப் பிரிக்கிறார்: இயல்பாக இருப்பது வேறு, பயிற்சியால் அது தேர்ச்சியாக மாறுவது வேறு. கோலம் போட்ட அந்தப் பெண்ணிடம் முதலாவது இருந்தது. அதை இரண்டாவதாக மாற்ற வேண்டியது எங்கள் வேலை.

மகளுக்கு மூன்று வயது. தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இவள் மீத்திறன் குழந்தையா?

இருக்கலாம். இப்போதைக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? சீக்கிரம் படிக்க ஆரம்பித்த பிள்ளைகளில் சிலர் பின்னாலும் முன்னே ஓடுவார்கள். சிலரை மற்றவர்கள் ஏழு எட்டு வயதில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். மூன்று வயதில் பதிகம் பாடிய ஞானசம்பந்தர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். ஆனால் முளையில் தெரியாமல் பிறகு விளைந்த பயிர்களும் ஏராளம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எல்லா நாட்டுத் தலைநகரங்களையும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி, அதோடு பொறுமையான ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார் என்று அர்த்தம். "ஒரு நாட்டுக்கு எதுக்குத் தலைநகரம்? ரெண்டு இருந்தா என்ன?" என்று கேட்கிற பிள்ளையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒப்பிப்பதை வீடியோ எடுத்துப் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்து கைதட்டு வாங்கும் பழக்கம், தெரியாததைத் தொடுவதற்கான துணிச்சலைத் தின்றுவிடும்.

வகுப்பில் எப்படி அடையாளம் காண்பது?

நல்ல அடையாளங்கள் எல்லோருக்கும் தெரியும்: சட்டென்று பிடித்துக்கொள்வது, நிறைய வாசிப்பது, பெரியவர்களோடு சரிக்குச் சரியாகப் பேசுவது. தொந்தரவு மாதிரித் தெரிகிற அடையாளங்களைத்தான் நாம் தவற விடுகிறோம்.

விடை சரியாக இருக்கும், வழிமுறை எழுதியிருக்க மாட்டான். "எழுதறதுக்கு என்ன சார் இருக்கு, பார்த்தாலே தெரியுதே" என்பான். ஒரே மாதிரி இருபது கணக்குக் கொடுத்தால் மூன்றாவதிலேயே நோட்டின் ஓரத்தில் படம் வரைய ஆரம்பித்திருப்பான். ஆசிரியர் சொன்னதில் தப்பு இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவான், அதனால் 'அதிகப்பிரசங்கி' என்று பெயர் வாங்குவான். 'பிஞ்சிலே பழுத்தது' என்று ஆசிரியர் அறையில் பேசப்படும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது இந்த வகையில் வருவார்கள்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளிடம் இந்த அடையாளங்கள் வேறு உடுப்பில் வரும். வீட்டில் புத்தகம் இருக்காது, அதனால் 'நிறைய வாசிப்பான்' என்ற அளவுகோல் அவனுக்குப் பொருந்தாது. பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு விலை சொல்வதில், ஆற்றில் எந்த இடத்தில் சுழல் இருக்கும் என்று சொல்வதில், பழுதான மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் அவனைப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளோ பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒளிந்துகொள்வார்கள். அதிகம் கேள்வி கேட்டால் தோழிகள் சிரிப்பார்கள், வீட்டில் "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் எதுக்கு" என்பார்கள். விடை தெரிந்தும் கை தூக்காமல் இருப்பதை ஒரு கலையாகவே கற்றுக்கொள்கிறார்கள். எழுத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே மாட்டுவார்கள்.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

காரணம் இருந்தால் எடுக்கலாம். ஆவலுக்காக வேண்டாம்.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் இந்தச் சோதனையை முதன்முதலாகச் செய்தபோது மேதைகளைத் தேடவில்லை. படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போனதும் அது தலைகீழானது. கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி ஏறத்தாழ 1,500 பிள்ளைகளை ஐ.க்யூ. பார்த்துத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். பெரும்பாலானவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் போதிய மதிப்பெண் இல்லை என்று கழித்துவிடப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரேஸும், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரும் வாங்கவில்லை.

சோதனையே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. பிள்ளை நன்றாகப் பேசுகிறான், எழுதத் திணறுகிறான், ஏன் என்று தெரியவில்லை என்றால் பகுதி பகுதியாக மதிப்பெண் காட்டும் நல்ல சோதனை மிக உதவும். முறையாகப் பதிவு பெற்ற உளவியலாளரிடம்தான் போக வேண்டும். இணையத்தில் பத்து நிமிடத்தில் ஐ.க்யூ. சொல்கிற விளையாட்டுகளை விளையாட்டாகவே விட்டுவிடுங்கள். எந்தச் சோதனை, அதன் ஒப்பீட்டு அளவுகள் எந்த வருடத்தவை என்று கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் இன்னும் புழங்கும் பினே-காமத் 1930களில் உருவானது, மாலின் சோதனை 1960களில் வந்தது. பழைய அளவுகளோடு இன்றைய பிள்ளைகளை ஒப்பிட்டால் எண் கூடுதலாகத்தான் வரும். "எங்க பையனுக்கு 142" என்று ஒருவர் பெருமையோடு சீட்டை நீட்டினால், நான் முதலில் பார்ப்பது சோதனையின் பெயரை.

பொதுவாக 100 என்பது நடு. 130க்கு மேல் வருகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சுமார். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக ஒருவர். அதாவது ஒவ்வோர் ஆசிரியரும் தன் பணிக்காலத்தில் பலரைப் பார்த்திருப்பார். அடையாளம் கண்டாரா என்பது வேறு விஷயம்.

பள்ளியில் சொன்னால் "நாப்பது பேர்ல உங்க பிள்ளைக்கு மட்டும் தனியா எடுக்க முடியுமா?" என்கிறார்கள். என்ன செய்வது?

அந்த ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தனியாக எடுக்க வேண்டியதில்லை, கொஞ்சம் மாற்றி எடுத்தால் போதும்.

முதலில், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு அதே மாதிரி கொடுப்பது தண்டனை. அடுத்த முறை அவன் மெதுவாக முடிப்பான். அவனை லீடராக்கி, நோட்டுத் திருத்தச் சொல்லி, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது நமக்கு வசதி. அப்போதைக்கு அப்போது நல்லதுதான், சொல்லிக் கொடுக்கும்போது அவனும் தெளிவடைவான். வருடம் முழுக்க அதுவே வேலை என்றால், சம்பளமில்லாத உதவி ஆசிரியர் ஒருவரை உருவாக்கியிருக்கிறோம். அவன் புதிதாக ஒன்றும் கற்றிருக்க மாட்டான்.

எனக்குப் பலன் தந்த முறை இது. பயிற்சியின் கடைசியில் இருக்கும் கடினமான ஐந்து கணக்குகளை முதலில் கொடுத்துவிடுவேன். நான்கு சரியாகப் போட்டவர்களுக்கு மீதிப் பயிற்சி கிடையாது. இது எல்லோருக்கும் திறந்த வாய்ப்பு, யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. மிச்சப்படும் நேரத்துக்குப் பலகையின் ஓரத்தில் வாரம் ஒரு கேள்வி எழுதி வைத்திருப்பேன். உதாரணத்துக்கு ஒன்று: "பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக வரும் செவ்வகம் உண்டா? பக்கங்கள் முழு எண்ணாக இருக்க வேண்டும்." நாலுக்கு நாலு சதுரத்தை யாராவது சீக்கிரம் பிடிப்பார்கள், இரண்டும் 16. கொஞ்சம் தேடினால் மூன்றுக்கு ஆறு கிடைக்கும், இரண்டும் 18. அதுவரை இது சாதாரணக் கேள்வி. "சரி, இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா? இல்லை என்றால் இல்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வாய்?" என்று கேட்கும் இடத்தில்தான் வேகமான பிள்ளை முதன்முறையாக நிற்பான். எங்கள் வகுப்பில் ஒருவன் ஒன்பது நாள் நின்றான். பத்தாம் நாள் காலை பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னால் சைக்கிளை நிறுத்தாமலே ஓடிவந்து சொன்னான். அந்த ஒன்பது நாள்தான் நான் அவனுக்கு நடத்திய பாடம்.

தமிழாசிரியர் ஒருவர் எங்கள் பள்ளியில் செய்தது இன்னும் அழகு. துணைப்பாடக் கதையை முடித்துவிட்ட பிள்ளைகளை, அதே கதையைக் கதையில் வாய் திறக்காத ஒருவர் சொல்வதுபோல எழுதச் சொல்வார். ஊரில் மழைக்கு எத்தனை பெயர் என்று பாட்டிகளிடம் கேட்டுப் பட்டியல் போடச் சொல்வார். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பிரிவு இருக்கும் பள்ளியில், இப்படிப்பட்ட நான்கைந்து பேரை ஒரே பிரிவில் போடுவதும் நல்ல யோசனை. தன்னைப்போல யோசிக்கிற இன்னொருவன் பக்கத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கலந்த நிலைகளை ஒரே அறையில் நடத்துவது நம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதும் இல்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறோம். அரும்பை மொட்டாக்குவதில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் ஏற்கெனவே மலராக இருக்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன என்ற கேள்வி ஆய்வுக் கூட்டங்களில் எழுந்து நான் பார்த்ததில்லை.

டபுள் புரமோஷன் கேட்கலாமா?

பெற்றோர்கள் பயப்படுகிற அளவுக்கு இது ஆபத்தானது இல்லை. வகுப்பு தாண்டிய பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்துத் தாண்டவைத்த பிள்ளைகள் பொதுவாகப் படிப்பிலும் மனநிலையிலும் நன்றாகவே இருக்கிறார்கள்.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில். தேர்வுகளுக்கு வயது வரம்பு இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில்கூடப் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவம் படிக்க நினைத்தால், சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது ஆகாமல் நீட் எழுத முடியாது. இரண்டு வகுப்பு தாண்டிப் பதினைந்து வயதில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை வாசலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அதனால் நான் பெரும்பாலும் சொல்வது ஒரு பாடத்தில் மட்டும் முன்னே விடுங்கள் என்பதுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பீரியடுக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரலாம். இதற்குத் தலைமையாசிரியரின் மனசும் டைம்டேபிள் போடுகிறவரின் பொறுமையும் போதும்.

எல்லாப் பாடத்திலும் கெட்டியாக இல்லையே, கணக்கு மட்டும்தானே வருகிறது?

கும்பகோணத்தில் இதே கேள்வியை ஒருவரைப் பற்றிக் கேட்டார்கள். 1904இல் பள்ளிப் படிப்பைப் பரிசோடு முடித்து, உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார் ராமானுஜன். மற்றப் பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரி முதல் கட்டத் தேர்விலும் தேறவில்லை.

அந்தக் கதையில் எல்லோரும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியைச் சொல்வார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முந்தைய வருடங்களைப் பாருங்கள். வேலை தேடித் தன் நோட்டுப் புத்தகங்களோடு போய் நின்றவரிடம் நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்து, கணிதம் தெரிந்த நண்பர்களுக்கு அறிமுகம் செய்தார் துணை ஆட்சியர் ராமசாமி ஐயர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912இல் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. இவர்களில் யாரும் "இங்கிலீஷ்ல எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. திறமை பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். மற்றப் பாடங்களில் பாஸ் ஆகிற அளவுக்கு உதவுங்கள், தேர்வு முறை மாறாதவரை அது அவசியம். அதற்காகக் கணக்கு நேரத்தைப் பறித்து ஆங்கில டியூஷனில் போடாதீர்கள்.

வாயில் எல்லாம் சொல்கிறான். எழுதச் சொன்னால் எழுத்துப் பிழை, பாதிப் பக்கம் காலி. சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்க முடியும். ஒன்று மற்றொன்றை மறைப்பதுதான் தொல்லை. புத்தியை வைத்து ஊகித்துச் சமாளிப்பதால் குறைபாடு வெளியே தெரியாது. குறைபாட்டினால் மார்க் குறைவதால் புத்தியும் வெளியே தெரியாது. ஆக மொத்தம் 'சுமாரான பையன்' என்ற பெயரோடு வருடங்கள் ஓடிவிடும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். முறையான சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுக்கான வேலையை ஆரம்பியுங்கள், பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடிவராதீர்கள்.

அரசு நடத்தும் திறனறித் தேர்வுகள் என்னென்ன? எழுத வைக்கலாமா?

கட்டாயம் எழுத வையுங்கள். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு, தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். அதன் தொகை வருடத்துக்கு 1,000 ரூபாய். ஆமாம், வருடத்துக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, ஆயிரம் பேருக்குக் கல்வியாண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும்வரை. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய். வருமான வரம்பும் தொகையும் மாறக்கூடியவை, அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். 1963இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு, அதுதான் என்.டி.எஸ்.இ., 2021 முதல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தேர்வுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தப் பணம் வருவதால் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எனக்கே தெரியும். ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். தேர்ந்தெடுக்கிறோம், பணம் கொடுக்கிறோம், நாளிதழில் படம் வருகிறது. திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்து, போன வருடமே தெரிந்த அதே பாடத்தைக் கேட்கிறது.

அப்படியானால் தனிப் பள்ளி வைப்பதுதானே வழி?

எளிதில் முடிவு சொல்ல முடியாத கேள்வி இது. புனேயில் ஞான பிரபோதினி என்ற கல்வி அமைப்பு 1962 முதல் இதற்காகவே இயங்குகிறது. மத்திய அரசின் நவோதயா பள்ளிகள் கிராமத்துத் திறமைசாலிகளுக்காக 1980களின் நடுவில் வந்தன, மொழிக் கொள்கைச் சிக்கலால் தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. இங்கே மாவட்டந்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்து பெரிய கல்வி நிறுவனங்களுக்குப் போவது சந்தோஷமான மாற்றம். போட்டித் தேர்வுப் பயிற்சியும் மீத்திறன் கல்வியும் ஒன்று என்று நினைத்துவிட்டால் மட்டும்தான் எனக்கு வருத்தம்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த விவாதம். 1984 முதல் அங்கே மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, மேலே இருக்கும் ஒரு சதவீதம் பிள்ளைகளை எடுத்து, ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் சேர்த்து நடத்தினார்கள். அந்தத் தேர்வுக்கே தனி டியூஷன்கள் முளைத்தன. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அந்த ஏற்பாட்டை இப்போதைய வடிவில் நிறுத்துவதாக அறிவித்தார். இனி ஒவ்வொரு பள்ளியிலும், அந்தந்தப் பிள்ளையின் பள்ளியிலேயே, கூடுதல் பாடம் நடக்கும். இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் இதே பாதையில்தான் போனது. ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். இன்று பத்து வயதுப் பிள்ளைகள் ரியூஷனிலிருந்து ரியூஷனுக்கு ஓடுகிறார்கள்.

நான் சிங்கப்பூரின் புதிய முடிவின் பக்கம். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காமல், இருக்கிற பள்ளியில் வாரம் நான்கு மணி நேரமாவது அதற்கேற்ற பாடம் கிடைத்தால் போதும்.

97 எடுத்துவிட்டு மூன்று மார்க்குக்காக அழுகிறாள். புதிதாக எதையும் முயற்சி செய்ய மாட்டேன் என்கிறாள்.

ஐந்தாம் வகுப்புவரை எதற்கும் சிரமப்படாத பிள்ளைக்கு, சிரமம் என்பது தன்னிடம் ஏதோ குறை இருப்பதன் அடையாளமாகத் தோன்றும். மற்றப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே விழுந்து எழுந்து பழகியிருப்பார்கள். இவள் பதினொன்றாம் வகுப்பில்தான் முதன்முறையாக விழுவாள், அப்போது எழுந்திருக்கத் தெரியாது. பொதுத் தேர்வில் பள்ளிக்கே முதலாக வந்து, கல்லூரி முதல் செமஸ்டரில் சுருண்டுபோன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதிர் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தபோது முதல் கூட்டம் சீக்கிரம் தளர்ந்தது. தங்கள் மார்க்கை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதி அனுப்பச் சொன்னபோது, அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் கூட்டிப் பொய் எழுதினார்கள். இந்த ஆராய்ச்சியை வைத்துப் பின்னால் எழுந்த பெரிய பெரிய வாக்குறுதிகள் அவ்வளவாகப் பலிக்கவில்லை. பாராட்டை மாற்றினாலே எல்லாம் மாறிவிடாது. ஆனாலும் வீட்டில் "எங்க புள்ள ஜீனியஸ்" என்ற பேச்சைக் குறைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மார்க்கோடு சம்பந்தமில்லாத, அவளுக்குச் சுத்தமாக வராத ஒன்றில் சேர்த்துவிடுங்கள். நீச்சல், சிலம்பம், மிருதங்கம், எதுவானாலும் சரி. அங்கே அவள் கடைசி ஆளாக இருக்கட்டும்.

நண்பர்களே இல்லை. பெரியவர்களோடும் புத்தகத்தோடும்தான் இருக்கிறான்.

ஒரு நல்ல நண்பன் இருந்தால் போதும், கூட்டம் தேவையில்லை. அந்த நண்பன் அதே வயதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சதுரங்கக் கூடம், நூலகம், அறிவியல் இயக்கக் கூட்டம் மாதிரி ஆர்வத்தால் ஆட்கள் சேரும் இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். ஆனால் அவன் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதை 'மேதைகள் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செஸ்ஸில் நன்றாக ஆடுகிறான். குகேஷ் மாதிரி பள்ளியை நிறுத்திவிடலாமா?

குகேஷ் நான்காம் வகுப்புக்கு மேல் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரான அவர் அப்பா தன் தொழிலைக் குறைத்துக்கொண்டு போட்டி போட்டியாகக் கூடவே போனார், அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஜெயித்தவர் கதை நமக்குத் தெரியும். பள்ளியை விட்டுவிட்டு மாவட்ட அளவிலேயே நின்றுபோனவர்களின் பெற்றோர் பேட்டி கொடுப்பதில்லை. உங்கள் பிள்ளை ஏற்கெனவே தேசிய அளவில் தன் வயதுப் பிரிவில் முன்னே நிற்கிறான் என்றால், பள்ளியோடு பேசி வருகையில் சலுகை வாங்குங்கள். நிறுத்துவது கடைசி யோசனை.

"நீ மீத்திறன் குழந்தை" என்று பிள்ளையிடமே சொல்லலாமா?

பெயர் சூட்ட வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்: "சில விஷயம் உனக்குச் சீக்கிரம் பிடிபடுது, சிலது மெதுவாத்தான் வருது, எல்லாருக்கும் அப்படித்தான்." தம்பி தங்கை பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

அதிகச் செலவில்லாமல் வீட்டில் என்ன ஏற்பாடு செய்யலாம்?

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1987 முதல் வருகிறது, சந்தா கட்டிவிடுங்கள். பக்கத்து ஊர்ப்புற நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். தானே போய் எடுத்து வரட்டும், என்ன எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். கணக்கில் ஆர்வம் இருந்தால், சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே திறனறிப் போட்டி நடத்துகிறது, பள்ளி மூலமாகப் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்பிலிருந்து கணித ஒலிம்பியாட் முதல் கட்டத் தேர்வு எழுதலாம். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தாளைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வையுங்கள், நேரம் குறிக்க வேண்டாம். முதல் மூன்று கணக்கையும் பார்த்துவிட்டு ஒன்றுமே புரியவில்லை என்று எரிச்சலோடு வந்தால் மூடி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கலாம். நாலாவதைப் பார்க்கலாமா என்று கேட்டால், அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதாததற்கு நீங்களே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.